ஈரானியப் பாட்டியின் பெட்டியில் இருப்பது நினைவுப் பொருளா, சொத்து ஆதாரமா?

ஈரானில், திருமணத்தின்போது மனைவிக்குத் தருவதாக எழுதிக் கொடுத்த மஹர் தொகையைத் தர முடியாத கணவர்கள் சிறைக்குப் போகிறார்கள் என்ற செய்தி அவ்வப்போது நம் நாளிதழ்களின் உலகப் பக்கத்தில் வந்து போகிறது. திருமணத்தின்போது எழுதிய ஒரு தாளுக்கு இவ்வளவு வலிமையா என்று வியப்பவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், கொள்ளுப்பாட்டியின் திருமண ஒப்பந்தம், பழைய கண்ணாடி, பழுப்பேறிய நிழற்படம் என்று ஈரானியக் குடும்பங்களின் பொருட்கள் இணையத்தில் காட்சிக்கு வருகின்றன. பார்ப்பவர்கள் அந்தக் காலத்து அழகே தனி என்று சொல்லிவிட்டு நகர்கிறார்கள்.

முதலாவது சட்டச் செய்தி, இரண்டாவது கலைச் செய்தி என்று தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வருபவை. ஈரானியப் பெண்கள் தாய் வழியாக மகளுக்குக் கைமாற்றியவற்றில் கணிசமான பகுதி, என்றோ ஒருநாள் யாரிடமோ எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும் என்பதற்காகப் பத்திரப்படுத்தப்பட்டது. அந்தக் காரணம் புரிய வேண்டுமானால் வாரிசுச் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் பங்குக் கணக்கு

ஈரானின் குடிமைச் சட்டம் 1928க்கும் 1935க்கும் இடையில் பகுதி பகுதியாக நிறைவேறியது. திருமணம், வாரிசுரிமை பற்றிய அதன் விதிகள் ஷியா முஸ்லிம் சட்ட மரபைத் தழுவியவை. யூதர், கிறிஸ்தவர், ஜொராஸ்திரியர் ஆகியோருக்கு அவரவர் சமய வழக்கம் பொருந்தும். நமக்கு வேண்டியவை மூன்று விதிகள்தான்.

1. மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்கு.

2. பிள்ளைகள் இருந்தால் விதவைக்குக் கணவன் சொத்தில் எட்டில் ஒரு பங்கு. இல்லையென்றால் நான்கில் ஒரு பங்கு. மனைவியர் பலர் இருந்தால் அந்த ஒரு பங்கையே பிரித்துக்கொள்ள வேண்டும். 2009 வரை நிலத்தில் விதவைக்கு எதுவும் கிடையாது. கட்டடத்தின் மதிப்பிலும் மரங்களின் மதிப்பிலும்தான் பங்கு. அந்த ஆண்டு வந்த திருத்தம் நிலத்தின் மதிப்பையும் கணக்கில் சேர்த்தது.

3. மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது. சட்டத்தின் 1118ஆம் பிரிவின்படி, அவள் தன் சொத்தைக் கணவனைக் கேட்காமலேயே விற்கலாம், யாருக்கும் கொடுக்கலாம்.

மூன்றாவது விதி நவீனச் சட்டத்தின் கொடை அல்ல. பழைய மரபிலேயே இருந்தது. இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் முழு உரிமையோடு சொத்து வைத்துக்கொள்ள 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கஜார் மன்னர்கள் ஆண்ட ஈரானில் அதற்கு முன்பே பெண்கள் தங்கள் முத்திரையைப் பதித்துச் சொத்து வாங்கினார்கள், விற்றார்கள், வக்ஃபாக, அதாவது அறக்கொடையாக, எழுதிவைத்தார்கள். ஈரானியப் பெண் என்றாலே உரிமையற்றவள் என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்கள் இந்த ஆவணங்களைப் பார்த்ததில்லை.

ஆக, வாரிசு வழியே பெண்ணுக்கு வருவது குறைவு. ஆனால் எந்த வழியில் வந்தாலும் வந்தது முழுக்க அவளுடையது. அப்படியென்றால் வேறு வழிகளில் வந்ததை எழுதி வாங்கி வைத்துக்கொள்வதே கெட்டிக்காரத்தனம். அந்த வழிகள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் உண்டு.

மூன்று தாள்கள்

1. திருமண ஒப்பந்தம்

தமிழ் முஸ்லிம்களுக்கு மஹர் புதிய சொல் அல்ல: மணமகன் மணமகளுக்குத் தர ஒப்புக்கொள்ளும் சொத்து. ஈரானியச் சட்டத்தின் 1082ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் முடிந்த கணமே அந்தச் சொத்துக்கு மனைவி உரிமையாளர் ஆகிறாள். கைக்கு வந்துசேர்வது வேறு விஷயம். "மஹரை யார் கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள்?" என்று பாரசீகத்தில் ஒரு வழக்குச் சொல்லே உண்டு. பெண் வீட்டார் தொகையை ஏற்றிக் கேட்கும்போது, அட, எழுதத்தானே போகிறோம் என்று சமாதானம் சொல்லப் பெரியவர்கள் இதை எடுத்து விடுவார்கள்.

வாங்காத மஹர் கடனாக நிற்கும். அந்தக் கடன் நின்று என்ன செய்கிறது என்பதில்தான் தாளின் மதிப்பு இருக்கிறது.

முதலாவதாக, கணவன் இறந்தால் அவனது கடன்களைத் தீர்த்த பிறகே சொத்து வாரிசுகளுக்குப் போகும். விதவைக்கு எட்டில் ஒன்று கிடைப்பதற்கு முன்பே, கடன்காரி என்ற முறையில் மஹர் கிடைக்க வேண்டும். இரண்டாவதாக, மனைவி மஹரை வாங்காமலே இறந்துவிட்டால், அதைக் கேட்கும் உரிமை அவளுடைய வாரிசுகளுக்குப் போகிறது. அம்மாவின் மஹரை மகள் கேட்கலாம்; கேட்பதற்கு அம்மாவின் தாள் வேண்டும். மூன்றாவதாக, மணவிலக்குப் பேரம். "என் மஹர் உனக்கு ஹலால், என் உயிருக்கு விடுதலை" என்பது மனைவி மஹரை விட்டுக்கொடுத்து மணவிலக்கு பெறுவதைக் குறிக்கும் பழைய தொடர். மணவிலக்கு பெரும்பாலும் கணவன் கையில் இருக்கும் முறையில், மனைவியிடம் இருக்கும் துருப்புச் சீட்டு இந்தத் தாள்தான். மஹர் தொகைகள் வானளாவப் போனதற்குப் பேராசையை விட இதுவே முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

தொகையைப் பணமாக எழுதினால் விலைவாசி அதைத் தின்றுவிடும். அதனால்தான் பிற்காலத்தில் பகார்-இ-ஆசாதி என்ற தங்க நாணயக் கணக்கு பரவியது. ஒரு முழு நாணயம் 8.13 கிராம். 114 நாணயம் என்று எழுதுவது குர்ஆனின் அத்தியாய எண்ணிக்கை. சிலர் மணமகள் பிறந்த ஆண்டையே நாணய எண்ணிக்கையாக எழுதுகிறார்கள். 2013ஆம் ஆண்டின் குடும்பப் பாதுகாப்புச் சட்டம், 110 நாணயம் வரைதான் சிறை உள்ளிட்ட கடுமையான வசூல் நடவடிக்கை, அதற்கு மேற்பட்டது கணவனுக்கு வசதி இருந்தால் மட்டும் என்று வரம்பு வைத்தது. எழுத்துக்களுக்கு எண்மதிப்பு தரும் அப்ஜத் முறையில் அலீ என்ற பெயரின் மதிப்பும் 110 என்பதை ஈரானியர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 110 நாணயம் என்பது ஏறக்குறைய 900 கிராம். தங்கம் விலை ஏறும்போது சிறைச் செய்திகள் ஏன் கூடவே வருகின்றன என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

நாணய வழக்கத்துக்கு முந்தைய, வெறும் தொகையாக எழுதப்பட்ட மஹருக்கு 1997இல் வந்த சட்டத்தால் ஒரு வழி பிறந்தது. கோருவதற்கு முந்தைய ஆண்டின் விலைவாசிக் குறியீட்டைத் திருமண ஆண்டின் குறியீட்டால் வகுத்து, தாளில் உள்ள தொகையால் பெருக்க வேண்டும். கணவன் இறந்துவிட்டால் அவன் இறந்த ஆண்டின் குறியீடு. மத்திய வங்கியின் பட்டியல் 1936ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. ஆக, தொகை எவ்வளவு முக்கியமோ, தாளில் இருக்கும் தேதியும் அவ்வளவு முக்கியம் ஆகிவிட்டது. சில நூறு தோமான் (ஈரானியப் பணம்) என்று எழுதிய, யாரும் சட்டை செய்யாத ஒரு பழைய ஒப்பந்தம் அந்தச் சட்டத்தால் மறுபடி உயிர் பெற்றது.

2. சீர் பட்டியல்

மணமகள் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோகும் வீட்டுச் சாமான்களுக்கு ஜஹீஸியே என்று பெயர். நாம் சீர்வரிசை என்போம். அவற்றை வரிசையாக எழுதிய தாள் சியாஹே. நீளவாக்கில் ஒடுங்கிய தாள். தலைப்பில் இறைவன் பெயர். முதல் பொருளாகக் குர்ஆன். பிறகு கண்ணாடி, விளக்கு, கம்பளம், மெத்தை, செம்புப் பாத்திரங்கள், குளியலறைச் சாமான்கள். ஒவ்வொன்றின் கீழும் சிறிய எழுத்தில் எண்ணிக்கையோ எடையோ விலையோ. கடைசியில் மணமகன், இவையெல்லாம் வந்துசேர்ந்தன என்று முத்திரை பதிப்பான் அல்லது கையெழுத்திடுவான், சாட்சிகளும் இடுவார்கள்.

கண்டிப்பான வரவு செலவுக் குறிப்பு போல இருக்கிறதே, மண வீட்டில் இது அழகா என்று கேட்கத் தோன்றும். சாமான் புருஷன் வீட்டில் இருந்தாலும் உரிமை பெண்ணுடையது என்பதைச் சொல்வது அந்தக் கையெழுத்து மட்டும்தான். இன்றும் மணவிலக்கு வழக்குகளில் சாமான்களைத் திருப்பிக் கேட்கும் மனுவோடு இந்தப் பட்டியலை இணைக்கிறார்கள். பயன்படுத்தித் தேய்ந்துபோனவற்றுக்கு ஈடு கிடைப்பதில்லை.

3. சமாதானப் பத்திரம்

மூன்றிலும் நுட்பமானது இதுதான். உயில் மூலம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. மீதி, சட்டம் சொன்ன பங்குப்படிதான் போகும். மகளுக்கும் சமமாகக் கொடுக்க நினைக்கும் தாய் என்ன செய்வாள்? உயிரோடு இருக்கும்போதே சுல்ஹ், அதாவது சமாதானம், என்ற ஒப்பந்தத்தால் மாற்றிக் கொடுத்துவிடுவாள். இரு தரப்பும் இணங்கி முடித்துக்கொள்வதாக எழுதப்படும் இந்தப் பத்திரத்துக்கு விற்பனை, தானம் ஆகியவற்றுக்கு உரிய தனி நிபந்தனைகள் பொருந்தாது. ஆனால் அவற்றின் பலன் கிடைத்துவிடும். பெயருக்குச் சிறிய ஈடு ஒன்றைப் பெற்றுக்கொண்டு வீட்டை மகள் பெயருக்கு மாற்றி, தான் வாழும்வரை அதில் குடியிருக்கும் உரிமையைத் தனக்கே வைத்துக்கொள்ளவும் வழி உண்டு.

சொத்தின் அளவு இந்தத் தாள்களில் தாங் என்ற அலகில் இருக்கும். எந்த நிலமும் வீடும் ஆறு தாங். மூன்று தாங் என்றால் பாதி. ஈரானியப் பத்திரங்களில் இந்தக் கணக்கு இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

பொருட்களும் சாட்சிகளே

திருமண விரிப்பின் முன்பக்கத்தில் ஒரு கண்ணாடியும் இருபுறமும் இரண்டு மெழுகுவர்த்தித் தாங்கிகளும் நிற்கும். வாங்குவது மணமகன் வீடு. தெர்மே என்ற, யஸ்து நகருக்குப் பேர்போன நெய்துணி விரித்திருக்கும். நம் பட்டுப் புடவைகளில் மாங்காய் என்று சொல்லும் அதே வளைந்த வடிவம்தான் அதில் நிறைந்திருக்கும். ஒப்புதலை மும்முறை கேட்பார்கள். முதல் முறை, மணமகள் பூப்பறிக்கப் போயிருக்கிறாள் என்று தோழிகள் பதில் சொல்வார்கள். வாய் திறந்து சம்மதம் சொல்ல வைப்பதற்கென்றே ஒரு தங்க நகையை மாமியார் வீடு கொடுப்பதும் உண்டு. இவை எல்லாமே பிற்காலத்தில் வீட்டில் பத்திரமாக இருக்கும், மகளுக்குப் போகும்.

குடிமைச் சட்டம் இங்கேயும் எட்டிப் பார்க்கிறது. நிச்சயதார்த்தம் முறிந்தால் கொடுத்த பரிசுகளைத் திருப்பிக் கேட்கலாம் என்கிறது 1037ஆம் பிரிவு. பொருள் கையில் இல்லையென்றால், வழக்கமாக வைத்துக் காக்கப்படும் வகைப் பரிசுகளுக்கு மட்டும் விலையைக் கேட்கலாம். இனிப்புக்கும் பழத்துக்கும் கேட்க முடியாது. எது பரம்பரைப் பொருள் என்பதற்குச் சட்டம் தந்த வரையறையாகவே இதை எடுத்துக்கொள்ளலாம்.

சட்டம் கண்டுகொள்ளாத பொருட்களும் உண்டு. நாற்பது சாவிக் கிண்ணம் அவற்றில் ஒன்று. பித்தளைக் கிண்ணம், உள்ளும் புறமும் குர்ஆன் வசனங்கள் பொறித்திருக்கும். நடுவில் எழும் சிறு குமிழிலோ விளிம்பிலோ, சாவி போன்ற மெல்லிய தகடுகள் கொத்தாகத் தொங்கும். பிள்ளை பெற்றவளை நாற்பதாம் நாள் ஹம்மாம் என்ற பொதுக் குளியலகத்தில் குளிப்பாட்டும்போது அதில் நீர் மொண்டு தலையில் ஊற்றுவார்கள். கல்யாணம் தள்ளிப்போகும் பெண்ணுக்கும் அதே நீர். எந்தப் பட்டியலிலும் அதற்குப் பெரிய விலை இருக்காது. ஆனாலும் இரவல் வாங்கப் பக்கத்து வீட்டார் வந்து நிற்கும் பொருள் என்பதால் வீட்டுக்காரிக்கு அதில் ஒரு கௌரவம்.

வடகிழக்கில் துர்க்மென் இனப் பெண்களின், கார்னீலியன் என்ற செந்நிறக் கல் பதித்த கனமான வெள்ளி நகைகள் தனி உலகம். அவற்றுக்குத் தனிக் கட்டுரையே வேண்டும்.

குர்ஆனின் வெற்றுப் பக்கம்

அரசு அடையாளச் சான்று 1918இல்தான் தெஹ்ரானில் தொடங்கியது. 1925இல் நாடு முழுவதும் கட்டாயமானது. திருமணங்களைப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற சட்டம் 1931இல் வந்தது. அதற்கு முன் பிறப்பு, இறப்புகளை எங்கே எழுதினார்கள்? வீட்டுக் குர்ஆனின் முதல் அல்லது கடைசி வெற்றுப் பக்கத்தில். இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்ன இரவில் பெண் பிறந்தாள் என்று ஒரு வரி. வீட்டுக்கு வீடு இருந்த பிறப்புப் பதிவேடு அதுதான்.

அரசுப் பதிவு வந்தபோது குழப்பமும் வந்தது. இறந்துபோன அக்காவின் சான்றையே அடுத்துப் பிறந்த தங்கைக்கு வைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. அதனால் அரசுத் தாளில் ஒரு வயது, குர்ஆன் பக்கத்தில் இன்னொரு வயது. 1925இல் அரசாங்க நாட்காட்டியும் சூரிய ஆண்டுக்கு மாறியது. 1907இல் பிறந்த ஒருத்திக்குச் சந்திரக் கணக்கில் ஆண்டு 1325. சூரியக் கணக்கில் 1286. இரண்டு கணக்குகளுக்கும் இடையில் 39 ஆண்டுகள். எந்தக் கணக்கில் எழுதியது என்று தெரியாமல் படித்தால், மகளுக்கு முன்பே பேத்தி பிறந்துவிடுவாள்.

அதே 1925இல் பட்டப் பெயர்களும் ஒழிக்கப்பட்டன. அதுவரை மேல்தட்டுப் பெண்கள் அரசவை தந்த பட்டத்தால்தான் ஆவணங்களில் குறிக்கப்பட்டார்கள். கஜார் மன்னர் நாசிர் அல்-தீன் ஷாவின் புகழ்பெற்ற மனைவியை இன்றும் அனீஸ் அல்-தௌலா என்ற பட்டத்தால்தான் அறிகிறோம். ஒரு பட்டம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகவும் செய்யும். ஆகவே தாளில் உள்ள பெயர் யாருடையது என்று சொல்லக் குடும்பத்துக் கிழவி ஒருத்தி வேண்டும்.

பெண்கள் காத்தது தங்கள் தாள்களை மட்டும் அல்ல. அதே ஷாவின் அமைச்சர் எதெமாத் அல்-சல்தனே எழுதிய நாட்குறிப்பு கஜார் அரசவையைப் பற்றிய முதன்மைச் சான்றுகளில் ஒன்று. அதில் பல பகுதிகள் அவர் சொல்லச் சொல்ல மனைவி அஷ்ரஃப் அல்-சல்தனே எழுதியவை. 1896இல் கணவர் இறந்த பின் அந்தக் கையெழுத்துப் படியைக் காப்பாற்றி மஷ்ஹத் நகரின் இமாம் ரிஸா தர்கா நூலகத்துக்குச் சேர்ப்பித்தவரும் அவரே.

ஒரே மணத்துக்கு இரண்டு ஒப்பந்தங்கள்

மஷ்ஹத் நகரில் 1839இல் யூதர்கள் கட்டாயமாக முஸ்லிம்களாக மாற்றப்பட்டார்கள். வெளியே முஸ்லிம் பெயர், முஸ்லிம் உடை. உள்ளே யூத வாழ்க்கை. சனிக்கிழமைக்கு முந்தைய மாலை விளக்கும் சமையல் விதிகளும் வீட்டுக்குள் நடப்பவை என்பதால், சமயத்தைக் காப்பாற்றும் பொறுப்பு பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது. திருமணமும் இரண்டு முறை. ஊருக்குத் தெரிய முஸ்லிம் முறையில் பாரசீக ஒப்பந்தம். பிறகு வீட்டுக்குள் எபிரேய எழுத்தில் கெதுபா என்ற யூத ஒப்பந்தம். முதலாவது அரசுக்கும் ஊருக்கும் காட்டும் ஆதாரம். இரண்டாவது வெளியே தெரிந்தால் உயிருக்கே ஆபத்து. ஒன்றைக் காட்டவும் ஒன்றை மறைக்கவும் ஒரே குடும்பம் இரண்டையும் சேர்த்து வைத்திருந்தது. அங்கிருந்து இஸ்ஃபஹானுக்குப் போனால் காட்சி மாறும்: அந்நகரத்துக் கெதுபாக்களில் சிங்கமும் உதிக்கும் சூரியனும் பளிச்சென்று வரையப்பட்டிருக்கும், அன்றைய ஈரான் அரசின் அதே சின்னம்.

பட்டியலில் பொருளாக வந்தவர்கள்

பழைய ஒப்பந்தங்களின் வேலைப்பாட்டைப் புகழும்போது பலர் தாண்டிப் போகும் ஒரு வரி உண்டு. வசதியான கஜார் குடும்பங்களின் மஹர் பட்டியலில் குர்ஆன், தங்கம், கிராமத்தில் இத்தனை தாங் என்பவற்றோடு அடிமைகளும் வருகிறார்கள்: ஓர் ஆண், ஒரு பெண், சில இடங்களில் விலையோடு. கடல் வழியே அடிமைகளைக் கொண்டுவருவதை 1848இல் அரசாணை தடுத்தது. அடிமை முறையைச் சட்டம் முற்றாக ஒழித்தது 1929இல்தான்.

மணமகளுக்கு அது உரிமைத் தாள். பட்டியலில் வரும் அந்த அடிமைப் பெண்ணுக்கோ, தான் இருந்ததற்கு எஞ்சிய ஒரே சான்றாகக்கூட அது இருக்கலாம். அவளுக்குப் பெட்டியும் இல்லை, கைமாற்ற ஒரு தாளும் இல்லை. பெண்களின் பரம்பரைச் சொத்து என்று பேசும்போது எந்தப் பெண்கள் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

படிக்க முடியாத தாள்களும் புதிய காப்பகமும்

இன்றைய பேத்திகளில் பலருக்கு இந்தத் தாள்கள் கையில் இருந்தும் படிக்க வராது. காரணங்கள் இவை:

1. எழுத்துகள் ஒன்றோடொன்று இழைந்து ஓடும் ஷிகஸ்தே கையெழுத்து.

2. சியாக் எண்கள். அரபு எண் பெயர்களைச் சுருக்கிக் கிறுக்கிய வடிவங்கள். ஒன்று, பத்து, நூறு என்ற இடமதிப்பு கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கணக்கர்களோடு அதுவும் வழக்கொழிந்தது. சீர் பட்டியலின் விலைகள் பெரும்பாலும் இதில்தான்.

3. மேலே சொன்ன நாட்காட்டி, பட்டக் குழப்பம்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு பதிலாக, 2009இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் அஃப்சானே நஜ்மாபாதி தலைமையில் கஜார் காலப் பெண்களின் உலகம் பற்றிய ஓர் இணையக் காப்பகம் தொடங்கியது. அதன் வழிமுறைதான் முக்கியம். குடும்பங்கள் தாள்களையும் நிழற்படங்களையும் பொருட்களையும் படமெடுக்கக் கொடுக்கின்றன. மூலம் வீட்டுக்கே திரும்பிப் போகிறது. பாரசீகத்திலும் ஆங்கிலத்திலும் குறிப்பு எழுதி எவரும் பார்க்கும்படி வைக்கிறார்கள். 1979 புரட்சிக்குப் பிறகு ஒரே வீட்டின் பெட்டி தெஹ்ரானிலும் பாரிஸிலும் லாஸ் ஏஞ்சலஸிலுமாகப் பிரிந்துபோனது. பத்திரம் ஒருவரிடம், படம் இன்னொருவரிடம். அவை மறுபடி ஒரே இடத்தில் பக்கம் பக்கமாகச் சேர்வது திரையில்தான்.

இதனால் ஆய்விலும் மாற்றம் வந்தது. அரசவை நூல்களையும் வெளிநாட்டுப் பயணிகளின் குறிப்புகளையும் வைத்து எழுதப்பட்ட கஜார் பெண்ணின் சித்திரத்தில் அந்தப்புரமும் சோம்பலும் மிகுதி. ஒப்பந்தங்களிலும் பத்திரங்களிலும் தெரிபவள் கடன் கொடுக்கிறாள், வாடகை வாங்குகிறாள், தம்பியோடு பங்கு வழக்கு நடத்துகிறாள். ஒரு குறையும் இருக்கிறது. பத்திரம் எழுதச் சொத்து இருந்தவர்களின் தாளே எஞ்சியது. கம்பளம் நெய்த ஏழைப் பெண்ணின் கூலிக்கணக்கு மிக அரிது.

காப்பகத்தின் மையக் காலம் 1925இல் கஜார் ஆட்சியோடு முடிகிறது. மஹரைக் கணக்கிடும் விலைவாசிப் பட்டியல் 1936இல் தொடங்குகிறது. அதற்குப் பிந்தைய திருமணத் தாள் இன்னும் பணம். அதைப் படமெடுத்து உலகுக்குக் காட்டலாமா என்று யோசிக்கும் குடும்பம், வாரிசுகள் எத்தனை பேர், கணவன் இறந்தது எந்த ஆண்டு, மஹர் கொடுத்ததற்கு ரசீது உண்டா என்று முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.